ஸ்டெல்லா வரைந்த சேலம் ஜில்லா

1

மே மாதத்தில் ஒரு மாலை. என் மகள் ஸ்டெல்லா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்தில் கொடுத்த கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தாள். தலைப்பு ‘என் ஊர்’. நான் ஆசிரியை. எழுதுகிற பிள்ளையின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பார்த்தேன். மலையடிவாரம், யூகலிப்டஸ் தோப்பு, திங்கட்கிழமைச் சந்தைக்குக் கழுதை மேல் விறகு ஏற்றி வருகிறவர்கள், ஆட்டை முதுகில் தூக்கிக்கொண்டு வருகிற கிழவர் எல்லாரும் இருந்தார்கள். சேலம் என்ற பெயர் எங்கும் இல்லை.

“சேலம் எங்கடி?” என்றேன்.

“அது உங்க ஊரும்மா. டீச்சர் கேட்டது என் ஊரு” என்றாள், பேனாவை நிறுத்தாமல்.

எதிர்த்துப் பேசும் குரலில்லை அது. வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல். அதனால்தான் சுருக்கென்று தைத்தது. நான் அடுப்பங்கரைக்குப் போய், கொதிக்காத பருப்பைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

நாங்கள் இருப்பது எத்தியோப்பியாவில், டெஸ்ஸி என்ற மலை ஊரில். அபிசீனியா என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும். இந்த அரசாங்கம் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டு ஆசிரியர்களைத் தேடியபோது, நம் பக்கத்திலிருந்து மூட்டை கட்டியவர்களில் நாங்களும் உண்டு. என் வீட்டுக்காரர் கணக்கு ஆசிரியர், நான் சமூக பாட ஆசிரியை. ஸ்டெல்லா இடுப்பில் உட்கார்ந்து வந்தவள். இப்போது என் தோளுயரம்.

இங்கே உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போக வேண்டுமானால் அம்ஹாரிக் மொழியில் இலக்கியம் வரை தேற வேண்டும். சந்தையில் பேரம் பேசுவதற்கு ஸ்டெல்லாவை மிஞ்ச ஆளில்லை; இலக்கியம் வேறு சங்கதி. ஆகையால் எட்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுவது இங்குள்ள நம்மவர்களின் வழக்கம். நாங்களும் அப்படித்தான் முடிவு செய்திருந்தோம். ஜூலை விடுமுறையில் எல்லாரும் சேலத்துக்குப் போவது, ஒரு கான்வென்ட்டில் அவளை நான்காம் ஃபாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், சேர்த்து என் அக்கா ஞானம் வீட்டில் விடுவது, நாங்கள் இருவரும் இன்னொரு ஒப்பந்தத்துக்குத் திரும்பி வருவது. எழுதிப் போட்டதும் கான்வென்ட் மதர் ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை. மற்ற பாடங்களைப் பற்றிக் கவலையில்லை, சமூக பாடத்தைத் தமிழில் படித்தறியாத பெண் என்பதால் அதில் மட்டும் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வோம் என்றார்.

சமூக பாடம்! எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகளுக்கு, அதுவும் சேலத்தில், சமூக பாடத்தில் பரீட்சை!

2

இந்தப் பாடத்துக்கு என்றுமே மரியாதை கிடையாது. கணக்குக்கு டியூஷன் உண்டு, இங்கிலீஷுக்கு உண்டு. சமூக பாடத்துக்கு டியூஷன் வைத்தவர் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதாவது ஐம்பதுகளின் தொடக்கத்தில், அந்தப் பெயரே புதிது. அதுவரை சரித்திரம் தனி, பூகோளம் தனி, குடிமைப் பயிற்சி தனி. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிச் சமூக பாடம் என்று கொடுத்தார்கள். நாமக்கல் பக்கத்தில் நான் வேலை பார்த்த போர்டு ஹைஸ்கூலில், சரித்திர வாத்தியார் மழை மேகத்தைப் பற்றி நடத்த மாட்டேன் என்றார். பூகோள வாத்தியார் முகலாயருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்றார். அப்போதுதான் டிரெயினிங் முடித்து, சேலம் அரிசிப்பாளையத்திலிருந்து புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து இறங்கிய இளிச்சவாய் நான். தூக்கி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

புதுப் பாடத்திட்டத்தில் ஒரு புதுமை. பிள்ளைகள் முதலில் சொந்த ஊரை ஆராய வேண்டும், பிறகுதான் உலகம். எத்தனை கிணறு, எத்தனை ஏர், என்ன விளைகிறது, யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பெரிய தாளில் வரைந்து ஒட்ட வேண்டும். எனக்கு அது பிடித்துப் போனது. நான்காம் ஃபாரத்துப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத் தோட்டங்களுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் ஒரு தோட்டத்துக்காரர், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா.

“ஏனுங்க டீச்சரம்மா, எம்பட பையனையே எங்கூட்டுக்கு வேவு பாக்க அனுப்பறீங்களே, இது நாயமுங்களா?”

“வேவு இல்லீங்க, பாடமுங்க” என்றேன்.

“பாடமுன்னா பொஸ்தகத்துல இருக்கோணுமுங்க. எத்தன மூட்ட கல்லக்கா அடிச்சீங்கன்னு பொஸ்தகத்துலயா போட்டிருக்குது?”

தானியக் கட்டுப்பாடும் கொள்முதலும் இருந்த காலத்தை அவர்கள் இன்னும் மறக்கவில்லை. மூட்டையை எண்ணிக்கொண்டு எவன் வந்தாலும், பின்னாலேயே ஒரு ஜீப்பு வரும் என்பது அனுபவம். நான் மன்றாடினேன். கடைசியில் அவரே இரங்கி ஒரு வழி சொன்னார்.

“கெணத்த எண்ணிக்கங்க, மாட்ட எண்ணிக்கங்க, பனமரத்தக்கூட எண்ணிக்கங்க. மூட்டைய மட்டும் உட்ருங்க சாமி.”

ஊர் முழுவதும் அதே தீர்ப்பைச் சொல்லிவைத்தாற்போலச் சொன்னது. ஆகவே எங்கள் படத்தில் கிணறுகள் நிறைய, எருதுகள் நிறைய, விளைச்சல் மட்டும் பூஜ்யம். இன்ஸ்பெக்டர் வந்தார். சுவரில் தொங்கியதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்த ஊரில் ஒன்றுமே விளையவில்லையா?” என்று கேட்டார். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து நின்று, “மழ இல்லீங்க ஐயா” என்றாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். ஜன்னலுக்கு வெளியே களத்துமேட்டில் கடலைக்காய் குவிந்து கிடந்தது. எல்லாரும் அதைப் பார்த்தோம். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அந்த வகுப்பறை வேண்டும். ஓட்டுக்கூரை, கொல்லிமலைப் பக்கமிருந்து வரும் சாயங்காலக் காற்று, தூரத்தில் கமலை இறைக்கிறவரின் பாட்டு, தலையில் விளக்கெண்ணெய் வழிய உட்கார்ந்திருக்கும் அந்த முகங்கள், எல்லாம் வேண்டும். 

3

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று ஊரில் பலர் கேட்டார்கள். விடிந்தால் குளிர். பல் துலக்கும் தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டு தொடங்குவேன். இந்த நாட்டில் கடிகாரம் சூரியனோடு எழுந்திருக்கிறது. நாம் காலை ஏழு மணி என்பது இவர்களுக்கு ஒரு மணி. வந்த புதிதில் இரண்டு மணிக்கு ஆசிரியர் கூட்டம் என்றார்கள். நான் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மதியம் போய் நின்றேன். கூட்டம் காலை எட்டுக்கே நடந்து முடிந்திருந்தது. ஸ்டெல்லாவுக்கு இந்தக் குழப்பம் ஒன்றும் இல்லை. இரண்டு கணக்கும் அவளுக்குத் தெரியும். அவளுக்கு இயல்பாக வாயில் வருவது இவர்களுடைய கணக்குத்தான்.

காகித விஷயம் சொல்லி மாளாது. இங்கே ஒருவர் பெயருக்குப் பின்னால் இருப்பது தகப்பன் பெயர். நம் பெண்கள் பெயருக்குப் பின்னால் இருப்பது கணவன் பெயர். குடியிருப்பு அனுமதிச் சீட்டு எழுதிய குமாஸ்தா தன் வழக்கப்படி எழுதிவிட்டார். திருத்தச் சொல்லி நடையாய் நடந்து, நாலு அதிகாரிகளைப் பார்த்து, கடைசியில் நாங்களே அலுத்து விட்டுவிட்டோம். இந்த நாட்டைப் பொறுத்தவரை நான் இன்றும் என் வீட்டுக்காரருக்கு மகள். “அப்பா சொல்றேன், இன்னொரு காப்பி கொண்டா” என்று அவர் விருந்தாளி இருக்கும்போது கேலி செய்வார். காப்பி பிறந்த நாடு என்பதால் அந்தக் குறை மட்டும் இல்லை.

வகுப்பில் நான் நடத்துவது இவர்களுடைய மன்னர்களை, இவர்களுடைய நதிகளை. பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு போவேன், அவ்வளவுதான். ஊரை ஆராயச் சொல்லி இந்தப் பாடத்திட்டத்திலும் உண்டு. பிள்ளைகளை அனுப்பினேன். இங்கேயும் குதிரை, கழுதை, கோழி எல்லாவற்றுக்கும் கணக்கு வந்தது, தானியத்துக்கு மட்டும் வரவில்லை. அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் நான் போய் அந்த வீடுகளைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம், கடை, வீடு, இவை தவிர இந்த ஊரில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாளைக்குப் போகப் போகிறவள்தானே என்றே இத்தனை வருஷமும் ஓடிவிட்டது.

ஸ்டெல்லா அப்படியில்லை. பக்கத்து வீட்டு அஸ்தேர் அம்மாளிடம்தான் அவள் வளர்ந்தாள் என்று சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போன நேரமெல்லாம் அந்த வீட்டில் காப்பிக்கொட்டை வறுக்கிற புகையில் கிடப்பாள். அந்த அம்மாள் எங்கே போனாலும் பின்னால் போவாள். இந்த மலையில் எந்தப் பாறைக்குக் கீழே ஊற்று என்று கேளுங்கள், சொல்வாள்.

மதரின் நிபந்தனை வந்த பிறகு தினமும் விளக்கு வைத்ததும் ஸ்டெல்லாவுக்குப் பாடம். புத்தகம் எதற்கு, நான் இருக்கிறேன். சேலம் ஜில்லாவை மனப்பாடமாக வரைவேன். வடக்கே ஓசூர், கிருஷ்ணகிரி. கீழே தர்மபுரி. ஒகேனக்கல்லில் காவிரி நம் ஜில்லாவுக்குள் நுழைகிறது. மேட்டூரில் அணை. ஏற்காட்டில் பிறந்து சேலத்தின் நடுவே ஓடி நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் விழும் திருமணிமுத்தாறு. சேலத்துக்குக் குடிதண்ணீர் தரும் பனமரத்துப்பட்டி ஏரி. ஜங்ஷனில் இறங்கினால் வரிசையாக நிற்கும் குதிரை வண்டி. செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிப்பட்டறை. களத்தில் வெள்ளைவெளேரென்று காயும் ஜவ்வரிசி. நான் சொல்லச் சொல்ல அவள் சமர்த்தாக எழுதிக்கொள்வாள்.

“அங்க போர்வை வேணுமாம்மா?” என்று ஒருநாள் கேட்டாள். இவ்வளவு சொன்னேனே, வெயிலைப் பற்றிச் சொல்லவே இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் படிப்பு ஒரு காரணம்தான். அவளை அங்கே வைத்துவிட்டால், அவளைச் சாக்கிட்டு நானும் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற ஆசைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

4

பம்பாயில் இறங்கி, ரயில் மாறி மாறிச் சேலம் போய்ச் சேர்ந்தோம். ஜங்ஷனில் கால் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பெட்டிகளை எண்ணுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞானம் அக்கா ஸ்டெல்லாவைக் கட்டிப் பிடித்து, “சேசுவே, என்னாடி இவ்ளோ வளர்ந்துட்ட! கழுத்துல ஒண்ணும் போடாம வந்து நிக்கிற, வெள்ளக்காரிச்சியாட்டம்” என்று தொடங்கி, குச்சிக்கிழங்கை வேகவைத்துத் தட்டு நிறையக் கொடுத்தாள். மரவள்ளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் உப்பும் மிளகாயும் தொட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தின்றேன். ஸ்டெல்லா ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விசிறியின் கீழே நின்றாள். அவளுக்கு மூக்கின் மேல் வேர்க்குரு போட்டுவிட்டது.

“நாளைக்கி ஆறு மணிப் பூசைக்கி எழுப்பி வுடறேன்டி கண்ணு” என்றாள் அக்கா.

“ஆறு மணின்னா மத்தியானமா பெரியம்மா?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கடிகாரக் கதையைச் சொன்னேன். “புள்ளைக்கிப் பொழுதுகூடத் தெரியாம வளத்திருக்கியேடி” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனாலும் அன்று முழுவதும் அது என் காதில் நின்றது. பரீட்சையில் மட்டும் பார், என் பெண் யார் என்று காட்டுகிறேன், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

5

கான்வென்ட்டில் சமூக பாடம் எடுக்கிறவர் பழனியம்மாள் டீச்சர். திருச்செங்கோட்டுப் பக்கம். குள்ளமாக, புடவையெல்லாம் சாக்குக்கட்டித் தூளாக வந்து நின்றார். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. நம் ஜாதி, சமூக பாட ஜாதி. காலி வகுப்பறையில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் ஸ்டெல்லா கையில் சாக்குக்கட்டியைக் கொடுத்தார்.

“நம்ம ஜில்லாவப் போடு சாமி, பாக்கலாம்.”

ஸ்டெல்லா போட்டாள். ஒரே இழுப்பில் எல்லைக்கோடு. நான் சொல்லிக் கொடுத்தபடி ஓசூரில் தொடங்கினாள். கிருஷ்ணகிரி வந்தது, தர்மபுரி வந்தது. “இங்க ஒகேனக்கல்லுல காவிரி நம்ம ஜில்லாக்குள்ள வருது டீச்சர்” என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மேட்டூர், ஆறு, ஏரி, ஜங்ஷன், குதிரை வண்டி வரை ஒன்றையும் விடவில்லை.

பழனியம்மாள் டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். பிறகு எழுந்து போய், தர்மபுரிக்குத் தெற்கே குறுக்காக ஒரு கோடு போட்டார்.

“கோடு நல்லா வருது சாமி உனக்கு. ஆனா இதுக்கு மேக்கொண்டு நம்முளுது இல்ல.” என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க டீச்சர், ஜில்லாவப் பிரிச்சுப்போட்டாங்களே, தர்மபுரி தனியாப் போயிருச்சுங்களே. உங்களுக்கு அங்க சேதி வல்லீங்களா?”

வந்தது. மாதக்கணக்கில் தாமதமாக வருகிற பத்திரிகையில் நானே படித்தேன், என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். படித்துவிட்டு மறுநாளே என் பெண்ணுக்குப் பழைய ஜில்லாவை வரைந்து கொடுத்தேன். சமூக பாட ஆசிரியை! ஊரை விட்டு வந்த அன்றைக்கு இருந்தபடியே அது என் மனதில் கிடந்தது. எந்தச் சர்க்கார் வந்து பிரித்தாலும் என் மனதில் அது பிரியாது போலிருக்கிறது.

“தண்ணிகூட இப்ப மேட்டூர்ல இருந்தும் வருதுங்க. குதர வண்டி அங்கொண்ணும் இங்கொண்ணும் நிக்கும். டாக்சிக்காரனுக உடறதில்லீங்க” என்று சொல்லிக்கொண்டே டஸ்டரை எடுத்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் ஒகேனக்கல்லும் தூளாகித் தரையில் விழுந்தன. சும்மா ஒரு கரும்பலகைதான். ஆனாலும் நான் பெஞ்சை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

ஸ்டெல்லா கையில் சாக்குக்கட்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. வழி சொன்ன ஆளை நம்பி வேறு ஊரில் இறங்கிவிட்டவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“அம்மாதான் சொன்னாங்க” என்றாள் மெதுவாக.

இடம் போயிற்று என்று நினைத்தேன். பழனியம்மாள் டீச்சர் அவள் தோளைத் தட்டினார்.

“அது கெடக்குது உடு. அம்மா சொன்னது வேண்டாம், நீயாக் கண்ணுல பாத்த ஊரு ஒண்ணச் சொல்லு. எந்த ஊரா இருந்தாலுஞ் செரி.”

ஸ்டெல்லா பலகையில் மிச்சமிருந்ததையும் துடைத்தாள். ஒரு மலையைப் போட்டாள், அடியில் ஒரு ஆறு, ஆற்றை ஒட்டி ஒரு ரோடு.

“இது எங்க ஊரு, டெஸ்ஸி. இந்தப் பக்கந்தான் வெயில் முதல்ல வரும், அதனால கோழி வெச்சிருக்கிறவங்க எல்லாம் இங்க இருப்பாங்க. எங்க ஊர்த் தண்ணி கடலுக்குப் போகாது டீச்சர்.”

“கடலுக்குப் போவாதா? அப்பறம் எங்கதான் போவுதாமா?”

“பெரிய ஆத்துல சேரும். அது பாலைவனத்துக்குள்ள போயி ஒரு ஏரில நின்னுடும். அவ்ளோதான்.”

“அட! பொஸ்தகத்துல இப்படியொண்ணு இல்லியே!”

அதன் பிறகு நடந்ததைப் பரீட்சை என்று சொல்ல முடியாது. டீச்சர் கேட்டுக்கொண்டே போனார், அவள் சொல்லிக்கொண்டே போனாள். தமிழ்ச்சொல் அகப்படாத இடத்தில் கையைக் காட்டினாள், படம் போட்டாள். சந்தைக்கு எந்த மலையிலிருந்து யார் என்ன கொண்டுவருவார்கள், மழையில் பாலம் போனால் உப்பு எப்படி விலை ஏறும், விறகு சுமக்கிற பெண்கள் எந்த மரத்தடியில் இளைப்பாறுவார்கள். இந்தப் பாடத்தை எழுதியவர்கள் என்ன ஆசைப்பட்டு எழுதினார்களோ, அது என் கண் முன்னால் நடந்தது. நானோ அந்த ஊரில் இத்தனை வருஷம் குடியிருந்தவள், பாதியை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். டெஸ்ஸியில் யாராவது வாய் தவறிச் சேலத்தைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டால் எனக்கு வருகிற முகம். நான் அவளைச் சொந்த ஊரில் கொண்டுவந்து விடுவதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு இதுதான் வெளிநாடு. நான் அங்கே போய் என்ன பட்டேனோ, அதை அவள் இங்கே படப் போகிறாள், அதுவும் இந்த வயதில், கூட ஒருத்தரும் இல்லாமல்.

“நாளைக்கே வரட்டுமுங்க” என்றார் பழனியம்மாள் டீச்சர். “ஜில்லாவ நாஞ் சொல்லிக் குடுத்துக்கறேன். அது ஒரு வாரப் பாடமுங்க.”

இடம் கிடைத்துவிட்டது. எனக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பஸ் பிடித்துப் பனமரத்துப்பட்டி ஏரிக்கு ஸ்டெல்லாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். ஏரியில் தண்ணீர் இறங்கிக் கிடந்தது. கரையோரம் சேறு வெடித்திருந்தது. நான் சொல்லிச் சொல்லி அவள் மனதில் கட்டிய ஏரி இதைவிட நாலு மடங்கு பெரிதாக இருந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

அவளைத் திரும்பக் கூட்டிப் போவதைப் பற்றி இரண்டு நாளாக என் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். “அழுவறான்னு கூட்டிட்டுப் போனா அங்கயும் ஒரு வருஷந்தான் ஓட்டலாம், மேல படிக்க அம்ஹாரிக் தடுத்துடும். அப்புறம் என்ன பண்ணுவே? யோசிச்சுச் சொல்லு” என்று கணக்கு வாத்தியாராகவே பேசினார். எனக்கு யோசனை ஓடவில்லை. அவளையே கேட்டுவிடுவது என்று வந்திருந்தேன்.

“இந்தா பாரு ஸ்டெல்லா. உனக்கு இங்க இருக்க இஷ்டமில்லேன்னா சொல்லிடு. கூட்டிட்டுப் போயிடறேன். பெரியம்மா கோவிச்சுக்குவாங்க, மதர் கோவிச்சுக்குவாங்க, நான் பாத்துக்கறேன்.”

அவள் சாப்பிட்ட இலையை மடித்துத் தள்ளி வைத்தாள்.

“அங்க வந்தா நான் என்னம்மா படிக்கிறது?”

“வீட்டுல நான் சொல்லிக் குடுக்கறேன்.”

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு அவளுக்கு அழுகை வந்தது. மடியில் முகத்தைப் போட்டுக்கொண்டு அழுதாள். அஸ்தேர் அம்மாள் பெயரைச் சொல்லி அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். என்ன சொல்லித் தேற்றுவது? பழகிவிடும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கே பழகவில்லையே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் இருக்கேம்மா. அந்த டீச்சர் நல்லவங்க. நான் படிக்கிறேன். ஆனா ஒண்ணு. சேலம் எப்பிடி இருக்கும், எப்பிடி இருந்துச்சுன்னு இனிமே நீங்க எனக்குச் சொல்லாதீங்க. நானே பாத்துக்கறேன்.”

இவ்வளவு நாளும் அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்த ஒரே சொத்து அந்தச் சேலம்தான். அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு வலித்தது. சரி என்றேன்.

7

நாங்கள் திரும்பி வந்தபோது டெஸ்ஸியில் மழை ஓய்ந்திருந்தது. இங்கே வருஷம் செப்டம்பரில் பிறக்கிறது. மலை முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் பூத்திருக்க வேண்டும்.

வீட்டில் மூன்றாவது தட்டை எடுத்து வைத்துவிட்டு, திரும்ப உள்ளே வைக்கிறேன்.  முன்பெல்லாம் சாயங்காலமானால் எனக்குச் சேலம் நினைப்பு வரும். இப்போதும் அதே சேலம்தான் வருகிறது. ஆனால் அதில் குதிரை வண்டி இல்லை, ஏரி இல்லை. ஒரு பெண் புத்தகப் பையோடு வெயிலில் நடந்து போகிறாள். நாலு ரோட்டைக் கடக்கத் தெரிந்திருக்குமா, மத்தியானச் சோறு இறங்கியிருக்குமா, யாரிடம் பேசியிருப்பாள் என்று அவள் பின்னாலேயே போகிறேன். பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கு இப்படி வழி தெரியாமல் போனது இப்போதுதான்.

வந்த மறுநாளே அஸ்தேர் அம்மாள் வீட்டுக்குப் போக நினைத்தேன். தைரியம் வரவில்லை. அவர் பிள்ளையை நான் எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். வாசலில் நின்றபடி எனக்குப் பின்னால் உள்ளே பார்த்தார். இந்த அம்மாள் வீட்டில் என் பெண் வளர்ந்திருக்கிறாள், நான் ஒரு தடவைகூட உட்கார்ந்து காப்பி குடித்ததில்லை. எப்போதும் அவசரம், எப்போதும் வேலை. அவர் கேட்டது எனக்குத் தெரிந்த அரைகுறை அம்ஹாரிக்கிலேயே புரிந்தது.

“குழந்தை எங்கே?”

படிக்கப் போயிருக்கிறாள், தூரம், என் அக்கா வீட்டில், நல்ல பள்ளிக்கூடம் என்று எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் பொறுக்கி அடுக்கினேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. வெள்ளைத் துணியின் ஓரத்தால் துடைத்துக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார். எப்போது திரும்பி வருவாள்?

அவள் திரும்பிவிட்டாள், அதுதான் அவள் ஊர் என்று சொல்லத்தான் இத்தனை வருஷமும் எனக்குச் சொல் தயாராக இருந்தது. அது வரவில்லை.

“அடுத்த கோடை லீவுக்கு” என்றேன். “லீவு விட்டதும் ஊருக்கு வந்துவிடுவாள்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு, அவர் கூடவே அவர் வீட்டுக்கு நடந்தேன்.